பழையதை எறியுமுன்



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, காலைத் திருப்பலிக்குப்பின் ஓர் அன்பர் நம்மைக் காண வந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருபது ஆண்டுகளாக லேத் ஓட்டுபவர். மகள் கல்லூரியில் பயில்கிறாள். வீட்டிலுள்ள கணிப்பொறி பத்தாண்டு கடந்தது. அது விழித்தெழுவதற்குள் ஒரு காப்பி குடித்து முடித்துவிடலாமாம். “புதியது வாங்க வட்டிக்குப் பணம் கேட்டிருக்கிறேன், சாமி, நாளை கையெழுத்துப் போட வேண்டும்” என்றார்.

“உம் லேத்தில் பேரிங் தேய்ந்தால் முதலாளி லேத்தையே விற்றுவிடுவாரா?” என வினவினோம்.

அவர் சிரித்தார். “பேரிங்கைத்தான் மாற்றுவார், சாமி.”

1964-ல் தோன்றிய நம் தொழிற்பேட்டையில், தேய்ந்த உறுப்பு எதுவெனக் கண்டு அதை மட்டும் மாற்றுவது அன்றாடப் பாடம். வீட்டிற்குள் வந்ததும் ஏனோ அதை மறந்துவிடுகிறோம். கணிப்பொறியும் உறுப்புகளால் ஆன எந்திரமே அன்றோ!

அன்று மாலையே, இத்துறை அறிந்த பங்கு இளைஞர் ஒருவர் அப்பெட்டியைத் திறந்து பார்த்தார். குற்றவாளிகள் இருவர். முதலாவது, ஹார்ட் டிஸ்க். இசைத்தட்டின்மேல் ஊசி செல்வதுபோல, நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தட்டின்மேல் ஒரு முனை அங்குமிங்கும் ஓடித் தகவலைத் தேடுகிறது. அந்த ஓட்டமே தாமதத்திற்குக் காரணம். எஸ்.எஸ்.டி. என்பதில் சுழலும் உறுப்பு ஏதுமில்லை. அதே சாட்டா இணைப்பில் அதைப் பொருத்திவிடலாம். இரண்டாவது, ராம் எனும் நினைவகம். அது 4 ஜி.பி. மட்டுமே இருந்தது. நினைவகம் நிரம்பியதும் கணிப்பொறி டிஸ்க்கிடம் இடம் கடன் வாங்குகிறது. கடன் வாங்கியவர் நடை தளர்வது இயல்புதானே! 8 ஜி.பி. ஆக்கினால் படிப்பிற்குரிய சாதாரண வேலைகளுக்குப் பெரும்பாலும் போதும்.

சில எச்சரிக்கைகள் அவசியம். டி.டி.ஆர்.3 நினைவகம் டி.டி.ஆர்.4 பள்ளத்தில் நுழையாது; ஆகவே பழையதைக் கையில் எடுத்துச் சென்று கடையில் காட்டுவது நலம். படங்களையும் ஆவணங்களையும் முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கியபின் உள்ளே கை வையுங்கள். கடிகாரம் தினமும் தவறாகக் காட்டினால், பெரும்பாலும் உள்ளிருக்கும் 3 வோல்ட் நாணய பாட்டரி தீர்ந்ததே காரணம்.

நிற்க. உறுப்பை மாற்றுவதால் எல்லாம் தீர்ந்துவிடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 பழைய பிராசசர்கள் பலவற்றை ஏற்பதில்லை. அத்தகைய கணிப்பொறிக்கு லினக்ஸ் ஒரு நல்ல வழி. நம் நாட்டிலேயே சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ எனும் லினக்ஸும் உண்டு. ஆயினும் கல்லூரி கேட்கும் மென்பொருள் அதில் இயங்குமா என்பதை முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். மதர்போர்டே பழுதாகியிருந்தால், பழையதில் பணம் போடுவது விவேகமன்று, புதியதே மேல்.

கழற்றிய உறுப்புகளைக் குப்பையில் எறியாதீர்கள். பழைய பலகைகளில் ஈயம் உண்டு; செம்பிற்காக ஒயர்களை எரிக்கும் புகை, அதை எரிக்கும் ஏழையின் நெஞ்சையே முதலில் அரிக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே முறை.

மறு சனிக்கிழமை தந்தையும் மகளும் மின்ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவில் அவ்விரு பொருள்களையும் வாங்கி வந்தனர். புதிய கணிப்பொறியின் விலையில் அது ஒரு சிறு பங்கே. இளைஞர் அருகிருந்து வழி சொல்ல, திருகாணிகளைக் கழற்றியவரும் பூட்டியவரும் தந்தையே. ஒரு நிமிடத்திற்குள் திரை ஒளிர்ந்தது. “அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதென்று நினைத்திருந்தேன், ஃபாதர்” என்றாள் மகள். வட்டிக்காரரிடம் போட வேண்டிய கையெழுத்து போடப்படவேயில்லை.

ஆகவே அன்பர்களே, கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன், நான்கு திருகாணிகளைக் கழற்றிப் பாருங்கள்.