சொற்களை மனனஞ் செய்வித்தால் போதுமா?

அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987ஆம் ஆண்டு தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. ஆயினும், பல ஆண்டுகள் ஆங்கிலம் பயின்ற நம் மாணவர் பலர் அம்மொழியில் நாலு வார்த்தை பேசத் தயங்கும் நிலையே நீடிக்கின்றது. சொற்பட்டியலை மனனஞ் செய்வித்துப் பரீட்சையோடு மறக்கவிடும் முறை இதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் அட்கின்சனும் அவரது சகாவும் 1975இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு நினைவுகூரத்தக்கது. மாணவர்கள் 120 ரஷ்யச் சொற்களைக் கணினியின் துணையுடன் செவிமடுத்துக் கற்றனர். ஒரு சாரார் ஒவ்வொரு சொல்லையும் ஓசையொத்த ஆங்கிலச் சொல்லோடும் மனச்சித்திரத்தோடும் பிணைத்தனர். அவர்கள் 72 சதவீதமான சொற்களை நினைவில் வைத்திருந்தனர். ஏனையோர் 46 சதவீதத்தையே. கருவி இரு சாராருக்கும் ஒன்றே, உபாயமே வேறு.

எனவே, புத்தகத்திலுள்ள பட்டியலைத் திரையில் காட்டுவது பல்லூடகக் கற்பித்தலாகாது. ஒலி, படம் ஆகியவற்றின் துணையுடன் ஊகித்தல், தொடர்புபடுத்தல், இடைவெளிவிட்டு மீட்டல் ஆகிய உபாயங்களை மாணவருக்குப் பழக்க வேண்டும். அவ்வாறு பழகிய பிள்ளை, கணினி இல்லாத வீட்டிலும் தானே கற்கும். பின்தங்கிய பாடசாலைகளுக்குக் கணினி வழங்குவதோடு கடமை முடிந்துவிடாது. ஆசிரியர்களுக்கு இப்பயிற்சியை அளிக்கவும் உரியவர்கள் முன்வர வேண்டும்.