கணக்கைக் காட்டிவிட்டுக் கை வையுங்கள்

நாஞ்சில்நாட்டில் தொடங்கும் ஓர் இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

வடசேரியில் ஒரு டீக்கடையில், தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்ட கணக்கிலிருந்து இது தொடங்கியது. கணக்குப் போட்டவர் பள்ளிக்கூட ஊழியர். 2020இல் அவருடைய அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய். அந்த ஆண்டு ஜனவரி முதல் 2021 டிசம்பர் வரை தமக்கு வராமல் போன அகவிலைப்படியை ஆறாறு மாதமாகப் பிரித்து எழுதினார். முதல் ஆறு மாதம் 4 சதவீதம், அடுத்து 7, அதற்கடுத்து 11, கடைசி ஆறு மாதம் 14. வருடாந்தர உயர்வைச் சேர்க்காமலே மொத்தம் 43,200 ரூபாய் வந்தது.

எதிர் பெஞ்சில் இருந்த ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி எட்டிப் பார்த்தார். "சாரே, உங்களுக்கு வராமப் போனதே இவ்வளவு இருக்கே. மழ பெய்ஞ்சா எனக்கு வெட்டே கெடையாது. அந்தக் கணக்க யாரு போடுவா?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். சார் மட்டும் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பி, அவருடைய கணக்கையும் எழுத ஆரம்பித்தார். ஒரு மாதத்தில் எத்தனை நாள் வெட்டு, எவ்வளவு கூலி, ஒட்டுப்பால் எடுத்ததற்கு என்ன, பைக்குக்கு எத்தனை லிட்டர் பெட்ரோல், அந்த பெட்ரோலில் எவ்வளவு வரி. கடை அடைக்கும்வரை அந்தப் பேச்சு போயிற்று. மாதச் சம்பளக்காரரும் தினக்கூலிக்காரரும் ஒரே தாளில் கணக்குப் பார்த்தது எங்களுக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

எங்கள் இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர்ப்பலகை அடித்துவிட்டு ஆள் தேடும் அமைப்புகள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏற்கெனவே நிறைய உண்டு.

வரியைப் பற்றிக் கேள்வி கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நாஞ்சில்நாட்டு நாட்டார் கூடி, வழக்கத்தில் இல்லாத வரியைக் கொடுப்பதில்லை என்று தீர்மானித்தார்கள். பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நாட்டார் என்றால் நிலம் உள்ளவர்கள். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆளை அடிமையாக விற்ற ஆவணங்களும் அந்தக் கட்டில்தான் இருக்கின்றன. தலைவரி கட்டிய ஏழைச் சாதிகளுக்கு அந்தக் கூட்டங்களில் உட்கார இடமில்லை. ஆகவே அந்த மரபில் பாதியைத்தான் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

இன்னொரு கதையும் இங்கேதான் நடந்தது. தலக்குளத்து வேலுத்தம்பி, கட்டாய வசூலுக்கு எதிராக 1799இல் தெற்கிலிருந்து ஆள் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரம் போனவர். பிறகு அவரே திருவிதாங்கூரின் தளவாய், அதாவது தலைமை அமைச்சர், ஆனார். கஜானா காலி. 1804இல் நாயர் படையினரின் படியைக் குறைக்கப் பார்த்தார். படை கலகம் செய்தது. கிழக்கிந்தியக் கும்பினியின் துணையோடு கலகம் அடங்கியது. மறு ஆண்டு ஒப்பந்தத்தில் திருவிதாங்கூர் கும்பினிக்குக் கட்டவேண்டிய தொகை ஆண்டுக்கு நான்கு லட்சத்திலிருந்து எட்டு லட்சமாக ஏறியது. 1809இல் அதே கும்பினியை எதிர்த்து உயிர்விட்டவரும் அவர்தான் என்பதை மறக்கவில்லை. ஆனாலும் பணமுடை வந்ததும் கை முதலில் நீண்டது படிக்காசின் பக்கம். எந்த நூற்றாண்டிலும் அதிகாரத்துக்கு அதுதான் சுலபம்.

2020ஐ எடுத்துக்கொள்வோம். மார்ச் 23 அன்று நிதி மசோதா விவாதமே இல்லாமல் மக்களவையில் நிறைவேறியது. பெட்ரோல், டீசல் கலால் வரியை மேலும் உயர்த்திக்கொள்ளும் அதிகாரம் அதற்குள் இருந்தது. ஏப்ரல் 23 அன்று மத்திய அரசு மூன்று தவணை அகவிலைப்படியை நிறுத்தியது. நான்கே நாளில் தமிழ்நாடு அரசும் அதைப் பின்பற்றியது; ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து பணம் பெறுவதையும் சேர்த்து நிறுத்தியது. அது திரும்பக் கிடைக்க 2025 அக்டோபர் ஆயிற்று. மே மாதத் தொடக்கத்தில் மாநில அரசு மதிப்புக்கூட்டு வரியை உயர்த்த, பெட்ரோல் லிட்டருக்கு 3.25 ரூபாய் ஏறியது. ஓரிரு நாளில் மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கூட்டியது. சாருக்குப் படி நின்ற அதே பதினைந்து நாளுக்குள் பால்வெட்டுக்காரரின் பெட்ரோலில் வரி ஏறிவிட்டது. இருவரிடமும் வாங்கியது ஒரே கைதான். ஆனால் அந்தக் காலண்டர் தாள் வரும்வரை டீக்கடையில் அவர்கள் ஒருவரை ஒருவர்தான் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இதே கதை. கேரள அரசு தன் ஊழியர்களிடம் மாதம் ஆறு நாள் சம்பளம் வீதம் ஐந்து மாதம் பிடிக்க உத்தரவு போட்டது. உயர் நீதிமன்றம் தடை விதித்ததும் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கொடியின் நிறத்தை வைத்து இந்த விஷயத்தில் ஆளைப் பிரிக்க முடியாது.

நாடாளுமன்றத்தில் ஒரு விவாதம் நடக்கத்தான் செய்தது. எம்.பி.க்களின் சம்பளத்தில் ஓராண்டுக்கு 30 சதவீதம் குறைக்கும் மசோதா 2020 செப்டம்பர் 15 அன்று மக்களவையில் நிறைவேறியது. சம்பளம் குறைவதைப் பலரும் ஏற்றார்கள். தொகுதி மேம்பாட்டு நிதியை நிறுத்தியதைத்தான் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அன்று கன்னியாகுமரிக்கு அவையில் ஆள் இல்லை. நம் உறுப்பினர் எச். வசந்தகுமார் ஆகஸ்ட் 28 அன்று கொரோனாவில் காலமாகியிருந்தார். அடுத்தவர் வர 2021 மே ஆயிற்று. அதற்குள் 2021ஆம் ஆண்டு பட்ஜெட்டும் தாண்டிப் போயிற்று. ஆள் இருந்திருந்தால் மட்டும் என்ன கேட்டிருப்பார் என்று சிலர் சொல்லலாம். அதைச் சொல்ல வேண்டியிராத நிலையை உண்டாக்கத்தான் இந்த இயக்கம்.

இப்போது இரண்டு தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம். மூன்று தவணை அகவிலைப்படியை நிறுத்தியதில் மத்திய அரசுக்கு மிச்சமானது 34,402 கோடி ரூபாய். இது நாடாளுமன்றத்தில் அரசே தந்த பதில். 2019 செப்டம்பர் 20 அன்று அவசரச் சட்டம் வழியாகக் கம்பெனி வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22க்கு இறக்கியபோது ஓராண்டுக்கு விட்டுக்கொடுப்பதாக அரசே சொன்ன தொகை 1.45 லட்சம் கோடி ரூபாய். முதலாவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். முதலீடு பெருகும், வேலை பெருகும் என்றார்கள். பெருகியிருந்தால் சந்தோஷம், எவ்வளவு பெருகியது என்று அவையில் வைத்துக் காட்டட்டும். படியை நிறுத்தும்போது மட்டும் கஜானா காலி என்றால் எங்களால் ஏற்க முடியாது.

செல்வத்தின் மேலிருந்த வரி விஷயமும் இப்படித்தான். வாரிசுச் சொத்தின் மேலிருந்த எஸ்டேட் வரியை 1985இலும், செல்வ வரியை 2015இலும் எடுத்தார்கள். செல்வ வரியில் வசூல் சொற்பம், செலவு அதிகம் என்பது காரணம். 2013-14இல் அதில் வந்தது சுமார் ஆயிரம் கோடிதான், உண்மை. ஆனால் வீடு, நகை, கார், நகரத்து மனை என்று வரி போட்டுவிட்டு, பெரும் பணக்காரரின் செல்வம் முழுக்கக் கிடக்கும் பங்குகளை விட்டுவிட்டால் வசூல் எங்கிருந்து வரும்? மடையை அடைத்துவிட்டு வயலில் தண்ணீர் இல்லை என்பதைத் தோவாளைக்காரனிடம் சொன்னால் சிரிப்பான்.

அரசு ஊழியர்மேல் ஊருக்கு இருக்கும் கோபத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தப் பிரகடனம் பொய்யாகிவிடும். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை டெஸ்மா சட்டத்தில் ஒரே மூச்சில் வேலையை விட்டு நீக்கியபோது, "நல்லா வேணும்" என்று சொன்னவர்கள் நம் தெருக்களிலும் இருந்தார்கள். ஏன் சொன்னார்கள்? பட்டா மாற்றப் போய் நாலு மாதம் அலைந்தவன், சான்றிதழுக்குக் கவர் கொடுத்தவன் வேறு எப்படிப் பேசுவான்? ஆகவே முதல் விதி இது: லஞ்சம் வாங்குகிறவருக்கு எங்களிடம் இடமில்லை. சங்கத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறார் என்றாலும் இல்லை. ஊழியர் சங்கங்களுக்கு இது கசக்கும். கசக்கட்டும்.

அதே நேரம், சாரின் படியைப் பிடுங்கியதால் பால்வெட்டுக்காரரின் கூலி ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அரசு ரப்பர் கழகம் 1984இல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம். அதன் தொழிலாளர்களும் கூலி உயர்வுக்காகத் திரும்பத் திரும்ப வேலைநிறுத்தம் செய்துதான் வந்திருக்கிறார்கள். போக்குவரத்துக் கழகங்களில் ஓய்வுபெற்றவர்களுக்கு ஆண்டுக்கணக்காக அகவிலைப்படி நின்றுபோய், 2024 ஜனவரியில் பொங்கலுக்கு முன் மாநிலம் முழுக்கப் பேருந்து வேலைநிறுத்தம் வந்தது. எங்களோடு இருக்கும் பழைய கண்டக்டர் ஒருவர் தம் பென்ஷன் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். அதை எடுத்துக் காட்டும்போது தொகை இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்கிறார். முப்பது வருடம் ஊருக்கெல்லாம் சில்லறை எண்ணிக் கொடுத்தவர்.

நாங்கள் கேட்பது இதுதான். ஊழியரின் சம்பளத்தையோ படியையோ பென்ஷனையோ நிறுத்துவதானால் ராத்திரியில் போடும் உத்தரவால் நிறுத்தக் கூடாது. நாடாளுமன்றத்திலோ சட்டமன்றத்திலோ விவாதித்து, அந்த ஆண்டு யார் யாருக்கு எவ்வளவு வரி விட்டுக்கொடுக்கப்பட்டது என்ற பட்டியலையும் கூடவே வைத்து முடிவெடுக்க வேண்டும். அந்தப் பட்டியல் ஆண்டுதோறும் மத்திய பட்ஜெட்டோடு வருகிறது, யாரும் படிப்பதில்லை. குறைத்தே ஆகவேண்டிய காலம் வந்தால் குறைப்பு மேலிருந்து தொடங்கட்டும். கடைநிலை ஊழியர், துப்புரவுப் பணியாளர், தொகுப்பூதியக்காரர்மேல் கை வைக்கக் கூடாது. பிடித்தது கடனாகக் கருதப்பட்டு, திருப்பித் தரும் தேதி உத்தரவிலேயே எழுதப்பட வேண்டும். எம்.பி.க்களின் சம்பளம் 2023 ஏப்ரலிலிருந்து முன்தேதியிட்டு 24 சதவீதம் உயர்ந்ததைப் பார்த்தோம். முன்தேதியிடத் தெரிந்தவர்களுக்கு நிலுவை கொடுக்கவும் தெரிய வேண்டும்.

எரிபொருளின் மேல் செஸ் என்று போடும் வரியில் மாநிலங்களுக்குப் பங்கில்லை. அது பகிர்வுக்கு உட்பட்ட வரியாக மாற வேண்டும். பெரும் சொத்தின் மேலும் வாரிசுச் சொத்தின் மேலும் வரி வேண்டுமா என்பதை அவையில் திறந்து விவாதிக்க வேண்டும். வேண்டும் என்பதே எங்கள் நிலை.

வேலைநிறுத்தம் எங்கள் முதல் ஆயுதம் இல்லை. ஒவ்வொரு பட்ஜெட்டுக்குப் பிறகும் தோவாளை தொடங்கி விளவங்கோடு வரை தாலுகாதோறும் கணக்குக் கூட்டம் நடத்துவோம். எம்.பி.யையும் ஆறு எம்.எல்.ஏ.க்களையும் அழைப்போம். மேடை கிடையாது, அவர்களும் எங்களோடு பெஞ்சில்தான் உட்கார வேண்டும். வராதவரின் இடம் காலியாகவே கிடக்கும்.

முதல் கூட்டம் நாகர்கோவிலில். சம்பளக்காரர்கள் சம்பளச் சீட்டோடு வாருங்கள். கூலிக்காரர்கள் இந்த மாதம் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். கடைசியாகப் பெட்ரோல் போட்ட பில் சட்டைப்பையில் கிடந்தால் அதையும் எறிந்துவிடாதீர்கள்.