பட்டணம் பார்க்கப் போன பாப்பா

"ரெண்டு வயசுப் புள்ளையத் தூக்கிக்கிட்டு மெட்ராஸ் சுத்தப் போறீகளாக்கும்? அதுக்கு என்னத்தா ஞாபகம் இருக்கப் போகுது?"

சத்துமாவு டப்பாவை என் பைக்குள் திணித்துக்கொண்டே அத்தை கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் என் இரண்டு வயது ஞாபகம் இல்லையே!

ஆனால், உண்மையான காரணம் வேறு. பாப்பா பிறந்த பிறகு நான் போன இடங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஊசி போட ஆஸ்பத்திரி, மொட்டை போட்டுக் காது குத்தக் குலதெய்வம் கோயில், இரண்டு கல்யாணம். அவ்வளவுதான். அவருக்கோ காலையில் கடைக்குப் போனால் வீடு திரும்ப இரவு ஒன்பதரை. அவர் வரும்போது பாப்பா தூங்கியிருப்பாள். திண்டுக்கல்லில் ஒரே வீட்டில் இருந்துகொண்டே, அப்பாவும் மகளும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்துக்கொள்கிற சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

தை மாதம் மூன்று நாள் லீவு கிடைத்தது. புதன், வியாழன், வெள்ளி. ஐப்பசி, கார்த்திகை என்றால் சென்னையில் மழை. சித்திரை, வைகாசி என்றால் வெயில் குழந்தையை வாட்டிவிடும். தையும் மாசியும்தான் கைக்குழந்தையோடு சென்னை போகத் தோதான மாதங்கள். "கிளம்பு" என்றார். கிளம்பிவிட்டோம்.

பதினோரு இடமும் ஒரு பாப்பாவும்

ரயில் ஏறும்போது என் கையில் ஒரு பட்டியல் இருந்தது. மெரினா, வண்டலூர், எழும்பூர் அருங்காட்சியகம், கபாலீஸ்வரர் கோயில், தி.நகர் என்று மொத்தம் பதினோரு இடங்கள். திரும்பி வரும்போது பார்த்து முடித்தவை மூன்று. அதில் ஒன்று பட்டியலிலேயே இல்லாதது.

ரயிலில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். அதனால், கீழ் பெர்த் கிடைத்தால் பாதிப் பிரச்னை தீர்ந்த மாதிரி. பாப்பாவைச் சுவர்ப் பக்கம் படுக்க வைத்து, நான் வெளிப்பக்கம் படுத்துக்கொண்டேன். நான் தூங்கினேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

பால் விஷயத்தில் ஒரு வார்த்தை. காய்ச்சிய பாலை ஃபிளாஸ்க்கில் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்திருந்து கொடுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. வெதுவெதுப்பான சூட்டில் மணிக்கணக்காக இருக்கும் பாலில் கிருமி வேகமாகப் பெருகும். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் பிள்ளை வழக்கமாகக் குடிக்கும் பால் பவுடரை அவ்வப்போது கலந்து கொடுப்பது நல்லது. இல்லையென்றால், சின்ன டெட்ரா பேக் பாலை அந்தந்த வேளைக்கு உடைத்துக்கொள்ளலாம்.

விடிகாலையில் எழும்பூரில் இறங்கியதும்தான் முதல் பாடம். அறை தருவது மதியம் 12 மணிக்கு என்றார்கள் விடுதியில். பெரியவர்கள் என்றால் பையை வைத்துவிட்டு ஊர் சுற்றலாம். கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுகிற குழந்தையோடு எங்கே போவது? வரவேற்பறை சோபாவிலேயே இரண்டு மணி நேரம் போனது. இரவு ரயிலில் போகிறவர்கள் முன்பதிவு செய்யும்போதே, "காலை ஆறு மணிக்குக் குழந்தையோடு வருவோம், அறை கிடைக்குமா?" என்று போனில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அறைக்குள் போனதும் பெட்டியைத் திறக்காதீர்கள். முதலில் நீங்கள் மண்டியிட்டுக் குழந்தையின் உயரத்துக்கு ஒரு சுற்று வாருங்கள். கைக்கு எட்டும் பிளக் பாயின்ட், மேஜை ஓரம் தொங்கும் கெட்டில் வயர், உள்ளே தாழ் போட்டுக்கொள்ளக்கூடிய பாத்ரூம் கதவு, ஏறி நிற்கத் தோதாக ஜன்னலோரம் கிடக்கும் நாற்காலி... நின்றுகொண்டு பார்த்தால் இவை கண்ணில் படாது. எங்கள் அறையில் நாற்காலியை இடம் மாற்றினோம். கெட்டிலை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினோம். ஐந்து நிமிட வேலைதான்.

காக்காவும் லிஃப்ட்டும்

புதன் சாயங்காலம் சும்மா ஒரு ரவுண்டு என்று மெட்ரோ ரயிலில் ஏறினோம். பட்டியலில் இல்லாத இடம் என்றேனே, அது இதுதான். 90 செ.மீ. உயரத்துக்குக் குறைவான குழந்தைக்கு, பெரியவர் கூட இருந்தால் டிக்கெட் இல்லை. நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. கதவு தானாகத் திறந்ததும் பாப்பா கைதட்டினாள். மூடியதும் கைதட்டினாள். எந்த ஸ்டேஷனில் இறங்கினோம் என்பது எனக்கே நினைவில்லை. லிஃப்ட்டில் மட்டும் நான்கு முறை ஏறி இறங்கினோம்.

எஸ்கலேட்டரில் கவனம். மெத்தென்ற ரப்பர் செருப்பின் நுனியும், தரையில் புரளும் பாவாடையும் புடவைத் தலைப்பும் படியின் ஓரத்தில் சிக்கிக்கொள்ளலாம். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் லிஃப்ட்டிலேயே போய்விடுங்கள். தள்ளுவண்டியை வீட்டிலேயே விட்டு வந்தது நாங்கள் செய்த நல்ல காரியம். நடைபாதை ஏறி இறங்குவதற்குள் அதையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கும்.

வியாழக்கிழமை வண்டலூர். எழும்பூரிலிருந்து செங்கல்பட்டு மார்க்க மின்சார ரயில் பிடித்தால், வண்டலூர் ஸ்டேஷனில் இறங்கி ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டினால் உயிரியல் பூங்கா. காலையில் கூட்டமெல்லாம் நகரத்தை நோக்கித்தான் வரும். நாம் வெளியே போவதால் உட்கார இடம் கிடைத்தது. தெற்கேயிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இன்னும் வசதி. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

1855-ல் சென்னை நகருக்குள் தொடங்கி, 1985-ல் வண்டலூருக்கு இடம் மாறிய பூங்கா இது. ஏறத்தாழ 1,500 ஏக்கர். நடந்தே பார்த்துவிடலாம் என்று வீராப்பு பேசாதீர்கள், பேட்டரி வண்டியில் ஏறிவிடுங்கள்.

"அங்க பாரு புலி!" என்றார் அவர். புலி பெரிய மனது பண்ணி எழுந்து நடந்தும் காட்டியது. பாப்பா பார்க்கவில்லை. வேலிக் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்து, "காக்கா! காக்கா!" என்று குதித்தாள். யானையிடம் போனோம். அங்கே அவளுக்கு ஓர் அணில் கிடைத்தது.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்தக் காக்காவையும் அணிலையும் பார்க்கத்தான் நானூறு கிலோமீட்டர் வந்தோமா? அப்புறம் யோசித்தால், அவள் உயரத்துக்குப் புலி எங்கோ தூரத்தில் புதருக்குள் அசையும் ஒரு நிறம். காக்கா, அவளுக்குத் தெரிந்த முகம். புது ஊரில் தெரிந்த முகத்தைக் கண்டால் நாமும் ஓடிப்போய்ப் பேச மாட்டோமா என்ன?

அந்த மூன்று நிமிடம்

ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம். மதியம் 12 மணிக்கு அறைக்குத் திரும்பிச் சோறு, தூக்கம். இதுதான் நாங்கள் போட்டுக்கொண்ட கணக்கு. வியாழக்கிழமை அதை நாங்களே மீறினோம். வண்டலூரிலிருந்து திரும்பவே மூன்று மணியாகிவிட்டது. பாப்பா ரயிலில் அரைத் தூக்கம்தான் தூங்கியிருந்தாள். "நாளைக்கு ராத்திரி ஊருக்குக் கிளம்பணும், கடல் பாக்காமப் போறதா?" என்று சாயங்காலமே பெசன்ட் நகர் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஆசை என்னுடையதுதான்.

அங்கே மணலில் வெள்ளை வளைவுபோல நிற்குமே, காரல் ஷ்மிட் நினைவுச் சின்னம். 1930-ல் கடலில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட டென்மார்க்காரருக்காகக் கட்டியது. அதற்குப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தோம். அவர் சுண்டல் வாங்கப் போனார். நான் துண்டில் ஏறிய மணலை உதறினேன். நிமிர்ந்தபோது அவர் திரும்பி வந்துகொண்டிருந்தார். கையில் இரண்டு சுண்டல் பொட்டலம். பாப்பா இல்லை.

"பாப்பா எங்கங்க?"

"உன்கிட்டதானே இருந்தா?"

இப்போது எழுதும்போதும் கை நடுங்குகிறது. நான் கடலைப் பார்த்து ஓடினேன். அவர் கடைகள் பக்கம் ஓடினார். அலையோரம் நின்ற ஒவ்வொரு குழந்தையும் என் பாப்பாவாகத் தெரிந்தது. பெயர் சொல்லிக் கத்தினேன். யாரும் திரும்பவில்லை. கல்லூரிப் பெண் ஒருத்தி வந்து, "அக்கா, என்ன டிரஸ் சொல்லுங்க" என்று கேட்டாள். "மஞ்சள் கவுனு, ரெண்டு வயசு" என்றதும், அவளும் அவள் தோழிகளும் அதையே கத்த ஆரம்பித்தார்கள். "மஞ்சள் கவுன் பாப்பா! மஞ்சள் கவுன் பாப்பா!" அந்தக் குரல் கடைக்குக் கடை தாவியது.

சோளம் சுடும் அம்மா ஒருவர் கையைத் தூக்கிக் காட்டினார். அவருடைய இன்னொரு கையில் பாப்பாவின் கை. விசிறும்போது பறக்கும் தீப்பொறியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள் என் மகள்.

"பலூன்காரன் பின்னாடியே வந்துச்சும்மா. நான்தான் புடிச்சு நிக்க வச்சேன். எப்படியும் தேடிக்கிட்டு வருவீங்கன்னு தெரியும். மொதல்ல தண்ணியக் குடி."

எல்லாமே மூன்று நிமிடம் இருக்கும்.

அன்று இரவு அறையில் சண்டை வந்தது. இருவரும் ஒரே வாக்கியத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னோம். "நீ பாத்துக்குவன்னு நினைச்சேன்." "நீங்க பாத்துக்குவீங்கன்னு நினைச்சேன்." கத்தி ஓய்ந்த பிறகுதான் உறைத்தது. தனியாக இருந்திருந்தால் இருவரில் யாரும் கண்ணை எடுத்திருக்க மாட்டோம். இரண்டு பேர் இருந்ததால்தான் ஒருவரும் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வந்தது. பாப்பாவை விட்டு நகரும்போது, "இப்ப உன் கையில" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதிராளி, "சரி, என் கையில" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் நகரக் கூடாது. முதலில் சிரிப்பாக இருந்தது. இப்போது வீட்டிலும் கடைப்பிடிக்கிறோம்.

இன்னும் சில:

- தினமும் காலையில் அன்றைய உடுப்போடு குழந்தையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சட்டையின் நிறம் மறந்துவிடும்.
- உடுப்பின் உட்புறத்தில் உங்கள் போன் நம்பர் எழுதிய துண்டைத் தைத்துவிடுங்கள்.
- காணாமல் போனால் உடையின் நிறத்தையும் வயதையும் சொல்லிக் கத்துங்கள். சுற்றியிருப்பவர்களுக்குப் பெயர் உதவாது.
- தண்ணீர் இருக்கும் இடம் என்றால் முதலில் ஓட வேண்டியது தண்ணீர்ப் பக்கம். கூட ஆள் இருந்தால் ஒருவர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே நிற்கட்டும்.
- உடனே கிடைக்காவிட்டால் தாமதிக்காமல் போலீஸுக்கு 112. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. ரயிலிலோ ரயில் நிலையத்திலோ என்றால் 139.

திரும்பி வந்த பிறகு

வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் போனோம். 1851-லிருந்து இருக்கும் இடம், திமிங்கல எலும்புக்கூடு காட்டலாம் என்று ஆசை. கேட் பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறையாம். வண்டலூருக்குச் செவ்வாய் விடுமுறை. செவ்வாய், வெள்ளி பார்த்துத்தான் நம் வீட்டில் எதையும் செய்வோம், இதை மட்டும் பார்க்காமல் வந்துவிட்டோமே என்று சிரிப்பு வந்தது. மறுபடியும் மெட்ரோ, மறுபடியும் லிஃப்ட். பாப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை.

ஊர் வந்து சேர்ந்ததும் அத்தை பேத்தியை மடியில் இருத்தி, "மெட்ராஸ்ல என்னடி பாத்த?" என்று கேட்டார்.

"காக்கா" என்றாள்.

அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அவர் சொன்னது சரிதான். பாப்பாவுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. ஆனால் அந்த மூன்று நாளும் அவள் அப்பாவின் தோளில்தான் தூங்கினாள். இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு மேலும் கண்ணைத் தேய்த்துக்கொண்டு முழித்திருக்கிறாள். பைக் சத்தம் கேட்டால்தான் படுக்கைக்கு வருகிறாள். அவரும் ஒன்பதரையை எட்டரையாக்கிவிட்டார்.

மாசியில் என் நாத்தனார் தன் ஒன்றரை வயதுப் பையனோடு சென்னை போகிறாள். அவளுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். கடற்கரையில் நடந்ததை வீட்டில் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால், இந்தப் பக்கத்தை வாராவாரம் போனில் முதலில் திறந்து படிப்பவர் அத்தைதான்.

சொல்லிவிட்டேன் அத்தை. சாயங்காலம் திட்டிக்கொள்ளுங்கள்.