பிழை பிள்ளையில் இல்லை, நாம் போட்ட கணக்கில்



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் இஷாவுக்குப் பிறகு வாசியுங்கள். ஆனால் போன மாதம் நம்மட பாடசாலைக் கூடைப்பந்து அணியைப் பற்றி ஒரு வரியாவது எழுதியவர்கள், வாட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸாவது போட்டவர்கள், தயவுசெய்து கடைசி வரை வாசிக்க வேண்டும். இது உங்களுக்குத்தான். எனக்கும்தான்.

பிள்ளையின் பெயரை எழுத மாட்டேன். ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவனிடமும் அவனுடைய உம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பதினேழு வயது. உயர்தரம் முதலாம் வருடம். ஆறடி மூன்று அங்குலம். பந்தைக் கையில் எடுத்து இன்னும் மூன்று வருடம் ஆகவில்லை.

அரையிறுதியில் தனியாக 24 புள்ளிகள் எடுத்தான். அன்று இரவு நம்மட குழுமங்களில் என்ன நடந்தது? "அடுத்த ஜோர்டன்." "எங்கட ஊரிலிருந்து என்.பி.ஏ.க்கு ஒருவன்." யாரோ ஒருவர் அவனுடைய படத்தை அமெரிக்க ஜேர்சிக்குள் ஒட்டி விட்டார். இருநூறுக்கு மேல் லைக். அதில் ஒன்று நான் போட்டது. ஒளிக்க மாட்டேன்.

அடுத்த நாள் இறுதிப் போட்டி. நான்கு செக்கன் மிச்சம். ஒரு புள்ளியால் பின்னுக்கு நிற்கிறோம். அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் வெளியே போனது. மெட்ச் முடிந்தது.

பஸ் ஊருக்கு வந்து சேர முதலே குழுமம் நிரம்பி விட்டது. "உயரம் மட்டும்தான், உள்ளுக்கு ஒண்டுமில்ல." "தலைக்கனம் ஏறிட்டு." அவன் தலையைக் குனிந்து நிற்கும் படத்தை ஸ்டிக்கராகச் செய்து அனுப்பினார்கள். முதல் நாள் ஜேர்சி ஒட்டினவரும் அந்த ஸ்டிக்கரை அனுப்பியிருந்தார்.

இன்றைக்குப் பதினேழு நாள். பிள்ளை பயிற்சிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "சேர், கோட்டுக்கு வந்தா எல்லாரும் அந்த ரெண்டையும்தான் பாப்பாங்க" என்றான். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

நான் கணிதம் படிப்பிக்கிறவன். எனக்குத் தெரிந்த வழியில் இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒவ்வொரு நாளும் பயிற்சி முடிந்து களைத்துப் போயிருக்கும் நேரத்தில் ஆளுக்குப் பத்து ஃப்ரீ த்ரோ போட வைத்து கொப்பியில் குறித்து வைப்பேன். இந்தப் பிள்ளை வருடத் தொடக்கத்தில் பத்துக்கு நான்கு போட்டான். இப்போது பத்துக்கு ஆறு. அதாவது ஒரு எறிதல் உள்ளே போக 0.6. இரண்டும் உள்ளே போக 0.6 × 0.6 = 0.36. சாதாரண தரத்தில் நிகழ்தகவு படித்த எல்லோருக்கும் இது விளங்கும். நாம் கட்டாயம் நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது, மூன்றுக்கு ஒரு தரத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக மட்டுமே நடக்கக்கூடிய ஒன்று. இரண்டும் வெளியே போக 0.4 × 0.4 = 0.16. ஆறு தரத்துக்கு ஒரு தரம் இப்படித்தான் நடக்கும். அதுவும் வெற்று மைதானத்தில், ஒருவரும் கூக்குரல் போடாமல் இருக்கும்போது. நான்கு செக்கன் மிச்சமிருக்க, எதிரணிப் பாடசாலை முழுவதும் எழும்பி நின்று கத்தும்போது என்னவாகும் என்று நீங்களே கணித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை தன்னுடைய கணக்குக்குள்தான் விளையாடினான். கணக்குத் தெரியாமல் எதிர்பார்த்தது நாம்.

இப்போது "ஜோர்டன்" விடயத்துக்கு வருவோம். மோட்டிவேஷன் வீடியோக்களில் ஒரு கதை ஓடுகிறது. மைக்கல் ஜோர்டனையே பாடசாலை அணியிலிருந்து தூக்கி எறிந்தார்கள், அவர் அழுதார், பிறகு உலகத்தை வென்றார் என்று. உண்மையில் நடந்தது வேறு. 1978இல் வட கரோலினாவில் பதினைந்து வயது ஜோர்டனைப் பாடசாலையின் மூத்த அணியில் சேர்க்கவில்லை. அந்த இடம் உயரமான இன்னொரு மாணவனுக்குப் போனது. ஜோர்டனைக் கனிஷ்ட அணியில் போட்டார்கள். அங்கே அவர் ஒரு முழுப் பருவம் விளையாடினார், வளர்ந்தார், அடுத்த வருடம் மூத்த அணிக்குப் போனார். அவரை ஒருவரும் தூக்கி எறியவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளையை அந்த வயதுக்குரிய இடத்தில் வைத்தார்கள். நம்மட பிள்ளையை ஜோர்டன் என்று கூப்பிடுகிறவர்கள் அந்த ஒரு வருடத்தையும் கொடுக்க வேண்டுமே!

நமக்கு நெருக்கமான இன்னொரு பெயர் சொல்கிறேன். ஹகீம் ஒலாஜுவோன். நைஜீரியாவின் லாகோஸ் நகரத்து முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. வாப்பாவும் உம்மாவும் சீமெந்து வியாபாரம். சின்ன வயதில் அவர் விளையாடியது புட்போலும் ஹேண்ட்போலும். புட்போலில் கோல் காப்பாளர். பதினைந்து வயதுக்குப் பிறகுதான் கூடைப்பந்து. 1980இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். முதல் வருடம் ஒரு மெட்சிலும் இறக்கவில்லை. இரண்டாம் வருடம் இறக்கினார்கள், மெட்சுக்குச் சராசரி எட்டுப் புள்ளிதான். 1983இலும் 1984இலும் அவருடைய அணி அடுத்தடுத்து இறுதிப் போட்டியில் தோற்றது. அதே 1984இல் என்.பி.ஏ. தெரிவில் முதலாவது பெயர் அவருடையது. ஜோர்டன் அந்த வருடம் மூன்றாவது. முதல் செம்பியன் கிண்ணம் கையில் வந்தது 1994இல். அப்போது அவருக்கு 31 வயது. 1995இல் ரமழான் நோன்பு பிடித்துக்கொண்டே விளையாடி, அந்த பெப்ரவரி மாதத்தின் சிறந்த வீரராகவும் தெரிவானார்.

நோன்புக் கதையை நாம் வருடா வருடம் ஷேர் பண்ணுகிறோம். அதற்கு முன்னால் இருந்த பதினைந்து வருடக் கதையை ஒருவரும் ஷேர் பண்ணுவதில்லை.

அந்தப் பதினைந்து வருடத்தில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று இருக்கிறது. கோடை விடுமுறைகளில் ஹூஸ்டன் நகரத்து ஜிம் ஒன்றில், அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரரான மோசஸ் மலோன் அந்த இளம் ஹகீமுடன் விளையாடினார். விட்டுக்கொடுத்து இல்லை, இடித்துத் தள்ளித்தான். பெரியவர் ஒருவர் சின்னவனுக்குத் தன் நேரத்தையும் தன் உடம்பையும் கொடுத்தார். நம்மட பழைய மாணவர்களில் வொலிபோலும் பாஸ்கட்போலும் விளையாடிய பெரிய பெரிய ஆட்கள் இருக்கிறீர்கள். இறுதிப் போட்டிக்கு வந்து செல்பி எடுத்தீர்கள். பயிற்சிக்கு எத்தனை நாள் வந்தீர்கள்?

ஃப்ரீ த்ரோ பற்றியும் ஒன்று. யானிஸ் அண்டெட்டோகூன்போ என்று ஒருவர். நைஜீரியப் பெற்றோருக்கு ஏதென்ஸில் பிறந்து, தெருவில் சாமான் விற்ற பிள்ளை. 2013இல் பதினைந்தாவது ஆளாகத் தெரிவானார். முதல் பருவத்தில் சராசரி 6.8 புள்ளி. ஆறாவது பருவத்தில்தான் அந்த வருடத்தின் மிகச் சிறந்த வீரர் விருது. 2021இல் அவர் ஃப்ரீ த்ரோ போட நிற்கும்போதெல்லாம் எதிரணி ரசிகர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தம் போட்டு எண்ணிக் கேலி செய்தார்கள். அந்த அளவுக்குத் தவற விட்டார். அதே வருடம் கிண்ணத்தை வென்ற கடைசி மெட்சில் 19க்கு 17 போட்டார். அப்போது அவருக்கு 26 வயது, எட்டாவது பருவம். நம்மட பிள்ளைக்கு வயது 17. அவனைக் கேலி செய்தது எதிரணி இல்லை, சொந்த ஊர்.

இன்னொரு விடயம், இது பாரதூரமானது. அரையிறுதிக்குப் பிறகு ஒருவர் அவனுடைய வீட்டுக்குப் போய், வெளிநாட்டு ஸ்கொலஷிப் எடுத்துத் தரலாம், முதலில் இவ்வளவு கட்ட வேண்டும், உயர்தரம் ஒரு பிரச்சினையே இல்லை என்று சொல்லியிருக்கிறார். கத்தாரில் இருக்கும் வாப்பா காசு தேட வெளிக்கிட்டார். உம்மா என்னிடம் வந்து, "டியூஷன நிப்பாட்டவா சேர்?" என்று கேட்டார்.

கேளுங்கள். அமெரிக்காவில் முதலாம் பிரிவில் விளையாடும் பல்கலைக்கழகங்கள் மட்டும் 350க்கு மேல். அணிக்குப் பத்துப் பதினைந்து பேர் என்று பெருக்கிப் பாருங்கள், நாலாயிரத்தைத் தாண்டும். என்.பி.ஏ. வருடத்துக்குத் தெரிவு செய்வது ஆகக் கூடியது 60 பேரை, அதுவும் முழு உலகத்திலிருந்தும். விளையாடுவதற்காக அங்கே போகிற பிள்ளைக்கும் பாடசாலைப் பெறுபேறு வேண்டும், ஆங்கிலம் வேண்டும். பரீட்சை தேவையில்லை என்று சொல்கிறவர் உங்களுடைய காசைத்தான் பார்க்கிறார்.

நம்மட நாட்டுக்குள்ளேயே வழி இருக்கிறது. தேசிய மட்டத்தில் திறமை காட்டினவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும் உயர்தரத் தகைமை வேண்டும். இராணுவம், கடற்படை, விமானப்படைக்குப் பலமான கூடைப்பந்து அணிகள் இருக்கின்றன. உடற்கல்வி ஆசிரியராகலாம். ஒரு வாசலும் படிப்பை மூடிவிட்டு வரச் சொல்லவில்லை.

"அப்ப பிள்ளைய உற்சாகப்படுத்தவும் கூடாதா சேர்?" என்று ஒரு தம்பி இன்பொக்ஸில் கேட்டார். தம்பி, உற்சாகம் வேறு, கடன் வேறு. "நல்லா விளையாடினாய் மகன்" என்றால் அது உற்சாகம். "நீ ஊரின் பெயரைக் காப்பாற்ற வேண்டும்" என்றால் அது பதினேழு வயதுத் தோளில் ஏற்றிய கடன். அதைத் திருப்பிக் கட்ட முடியாமல்தான் அவன் வீட்டுக்குள் இருக்கிறான்.

மறுபக்கம் சில மாமாமார் இருக்கிறார்கள். "விளையாட்டு சோறு போடாது, நான் அப்பவே சொன்னேன்." உங்களுக்கும் சொல்ல இருக்கிறது. நிதானமாக எதிர்பார்ப்பது என்றால் ஒன்றும் எதிர்பார்க்காமல் விடுவது இல்லை. எட்டு மாதத்தில் நான்கை ஆறாக்கிய பிள்ளை அவன். நாற்பது பேர் உள்ள வகுப்பில் அப்படி முன்னேறுகிறவனை நான் கைவிடுவேனா? என்.பி.ஏ. என்று கத்தினவர்களும் ஒன்றுக்கும் உதவாது என்று சொன்னவர்களும் ஒரு விடயத்தில் ஒன்றுதான். இரண்டு பகுதியும் ஒரு நாள் பின்னேரம் வந்து அவன் பயிற்சி செய்வதைப் பார்க்கவில்லை.

அவனுடைய உடம்பையும் கொஞ்சம் யோசியுங்கள். ஒன்றரை வருடத்தில் மளமளவென்று வளர்ந்தவன். எலும்பு முதலில் நீளும், தசைப் பலம் பின்னால்தான் வரும். அந்த இடைவெளியில் கை கால் சொன்னபடி கேட்காது, முழங்காலுக்குக் கீழே நோகும். அவனுக்கும் நோகிறது. அப்படியிருந்தும் இறுதிப் போட்டியில் ஒரு நிமிடம்கூட அவனை வெளியே எடுத்து இருத்தவில்லை. அந்தத் தீர்மானம் என்னுடையது. கடைசி நான்கு செக்கனில் அவன் கால் நடுங்கியதற்கு முதலாவது பொறுப்பாளி நான். ஸ்டிக்கர் செய்கிறவர்கள் என்னுடைய படத்தைப் போடுங்கள்.

மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி கூடைப்பந்தில் பெயர் எடுத்தது ஒரு பருவத்தில் இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த ஹீபர்ட் அடிகளார் போன்றவர்கள் வருடக்கணக்காகப் பிள்ளைகளோடு மைதானத்தில் நின்றார்கள். நம்மட பாடசாலையில் கோட் போட்டு ஆறு வருடம். ஒரு பக்கத்து ரிங் வளைந்து இருக்கிறது. லைட் இல்லை. அஸருக்குப் பிறகு தொடங்கினால் மஃரிபோடு முடிக்க வேண்டும். இந்த ஆறு வருடத்துக்கும் இந்த ஒரு ரிங்குக்கும் எவ்வளவு விளைச்சல் வரும் என்று விவசாயம் செய்கிற ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்படியென்றால் அவனிடம் என்ன எதிர்பார்க்கலாம்? என்னுடைய கொப்பியில் இருப்பதைச் சொல்கிறேன். அடுத்த வருடம் இதே நாளில் ஃப்ரீ த்ரோ பத்துக்கு ஏழு. இடது கையால் லே-அப். ஒரு மெட்சில் ஐந்து ஃபவுலும் வாங்கி வெளியே போகாமல் இருக்கப் பழகுவது. முழங்காலுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று மாதம் பந்தும் இல்லை, மெட்சும் இல்லை. அவ்வளவுதான். இதைச் செய்தால் அதற்கடுத்த வருடத்துக்கு வேறு கொப்பி போடுவோம், இன்ஷா அல்லாஹ். இருபது, இருபத்தொரு வயதில்தான் அவன் எப்படிப்பட்ட ஆட்டக்காரன் என்று ஓரளவுக்குச் சொல்லலாம். அதற்கு முன்னால் சொல்கிறவர்கள் ஊகிக்கிறார்கள்.

உங்களிடம் நான் கேட்பது மூன்று. அந்த ஸ்டிக்கரை உங்கள் போனிலிருந்து அழியுங்கள். அவனைத் தெருவில் கண்டால் மெட்சைப் பற்றிக் கேட்காதீர்கள், ஸலாம் சொல்லுங்கள், உம்மாவைச் சுகம் விசாரியுங்கள். மூன்றாவது, காக்காமார், பழைய மாணவர்கள், வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நாலே முக்காலுக்குக் கோட்டுக்கு வாருங்கள். ஷூ போட்டுக்கொண்டு, விளையாட வாருங்கள். போனைப் பள்ளியில் வைப்பது போல் பையில் வையுங்கள்.

அவன் வருவதாக எனக்குச் சொல்லவில்லை. "யார் யார் வாறாங்க?" என்று மட்டும் கேட்டான். நீங்கள் வந்தால் நான் பதில் சொல்லலாம்.

வஸ்ஸலாம்.