விளையாட்டுக் கூடங்களும் வீண் பீதியும்

எங்கள் பகுதிப் பேருந்து நிலையத்துக்கு அருகே திறந்திருக்கும் வீடியோ கேம் கடையை மூடும்படி நகராட்சியைக் கேட்டுக்கொள்ளும் மனு ஒன்று அண்மையில் கையெழுத்துக்காக என்னிடம் வந்தது. கடையில் பணம் வைத்து ஆடுகிறார்கள் என்றோ, பள்ளி வேளையில் மாணவர்களை உள்ளே விடுகிறார்கள் என்றோ, அக்கம்பக்கத்தாருக்கு இரவில் தூக்கம் கெடுகிறது என்றோ அதில் ஒரு வரிகூட இல்லை. இப்படிப்பட்ட இடங்கள் இருந்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற ஒற்றை அபிப்பிராயம்தான், நிரூபணமே வேண்டாத சத்தியம்போல, மனு முழுவதையும் தாங்கி நின்றது. அதன் கீழே ஆசிரியர்களும் வைத்தியர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் கையெழுத்திட்டிருந்தார்கள். படித்தவர்கள் இத்தனை பேர் ஒரு நிமிஷம்கூட யோசியாமல் ஒப்புக்கொண்டுவிட்ட அந்த அபிப்பிராயத்தின் மீதுதான் எனக்குக் கோபம்.

இந்த நம்பிக்கையை ஒரு மாநகரம் முழுவதுமாகப் பரீட்சித்துப் பார்த்துத் தோற்றிருக்கிறது. 1942-ஆம் வருஷம் ஜனவரி மாதம், அமெரிக்கா உலக யுத்தத்தில் இறங்கி இரண்டு மாதம்கூட நிறையாத வேளையில், நியூயார்க் நகர மேயர் லாகார்டியா பின்பால் என்னும் விளையாட்டு யந்திரத்தின்மீது தம்முடைய சொந்த யுத்தத்தைத் தொடங்கினார். கண்ணாடி மூடிய, சற்றே சரிந்த ஒரு மேஜை; காசு போட்டு ஸ்பிரிங் பிடியை இழுத்துவிட்டால், உருக்குக் குண்டு ஒன்று மேலே ஓடி, வழியிலுள்ள தடைகளில் மோதி மோதி, எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே கீழே இறங்கிவரும்; அவ்வளவுதான் அந்த விளையாட்டு. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக் காசை இந்த யந்திரம் கொள்ளையடிக்கிறது என்றார் மேயர். போலீஸார் மிட்டாய்க் கடைகளிலும் மதுக்கடைகளிலும் புகுந்து, சில வாரங்களுக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட யந்திரங்களைப் பறிமுதல் செய்தார்கள். மேயரே சம்மட்டியை ஏந்தி நின்று அவற்றை உடைக்க, பத்திரிகைகள் அந்தக் காட்சியைப் படமெடுத்துப் பிரசுரித்தன. அன்று விதித்த தடை நீங்கியது 1976-இல். முப்பத்து நான்கு வருஷங்கள் கழித்து.

அந்த முப்பத்து நான்கு வருஷங்களில் நியூயார்க்கின் வாலிபர்கள் சன்மார்க்க சீலர்களாகிவிட்டார்களா? தெருக்களைப் பங்குபோட்டுக்கொண்டு கத்தியோடு திரிந்த இளைஞர் கும்பல்கள் அந்நகரில் தலைவிரித்தாடியது 1950-களில். ஹெராயின் என்னும் போதைப்பொருள் பேட்டை பேட்டையாக அதைச் சூறையாடியது அதற்கடுத்த இருபது வருஷங்களில். பின்பால் யந்திரம் ஒன்றுகூடச் சட்டப்படி இயங்காத ஊரில்தான் இவ்வளவும் நடந்தன! விளையாட்டோ அழிந்துபோகவில்லை. மிட்டாய்க் கடையின் வாசலில், போவோர் வருவோரின் பார்வையில் இருந்த யந்திரம், ஆபாசப் புத்தகக் கடைகளின் பின்னறைகளுக்குக் குடிபோயிற்று. சிறுவனைக் காப்பாற்றுவதாகச் சொல்லிப் புறப்பட்டவர்கள், அவன் விரும்பிய பொருளை அவன் போகக் கூடாத இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

அதைவிடக் கொடுமை, தடைக்குச் சொன்ன காரணம் மறைந்த பிறகும் தடை மறையாமல் இருந்தது. 1942-இல் இந்த யந்திரத்தில் குண்டைத் தள்ளிவிட்ட பிறகு ஆடுகிறவன் செய்வதற்கு அதிகமில்லை. அதிருஷ்டத்தின் பங்கு பெரிதாயிருந்தது. 1947-இல் சிக்காகோ நகரத்து காட்லீப் கம்பெனி, விழப்போகும் குண்டை ஆடுகிறவனே தட்டி மேலே அனுப்பும்படியான சிறு துடுப்புகளை யந்திரத்தில் பொருத்தியது. அன்றிலிருந்து அது கண்ணும் கையும் சேர்ந்து பழகவேண்டிய வித்தையாயிற்று. நகரம் கண்ணைத் திறக்கவில்லை. 1967-இல் நியூயார்க் மாநில அரசு தானே பரிசுச் சீட்டு விற்கத் தொடங்கியது. 1971-இல் நகர நிர்வாகம் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் கடைகளைத் தானே திறந்தது. தகப்பன் தன் சம்பளத்தை நகராட்சியின் கடையிலேயே பந்தயம் கட்டித் தோற்கலாம். மகன் ஒரு நாணயத்தைப் போட்டு உருக்குக் குண்டை உருட்டினால் அது குற்றம்! இதற்கு ஒழுக்கம் என்று பெயர் சொல்ல எப்படி நா எழுந்தது?

கடைசியில் அந்தத் தடையை வீழ்த்தியது ஒரே ஒரு குண்டு. 1976-இல் ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் நகர மன்றக் குழுவின் முன்னால் யந்திரத்தை ஆடிக் காட்டினார். மேலே உள்ள வழிகளில் நடுவழியாகக் குண்டு இறங்கும் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் பிடியை இழுத்தார். குண்டு நடுவழியாகவே இறங்கியது. முப்பத்து நான்கு வருஷத்துப் பிரமை அந்த நிமிஷத்தில் தகர்ந்தது. அதற்கு முந்திய வருஷம் அந்த நகரம் திவாலாகும் தறுவாயில் நின்றது என்பதையும், லைசென்ஸ் கட்டணம் கஜானாவுக்கு வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பிள்ளைகளின் நலனுக்காக இளகாத மனங்கள் பணத்துக்காக இளகின.

நியூயார்க் பட்ட பாட்டைப் பார்த்தும் மற்ற ஊர்கள் திருந்தவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள மார்ஷ்ஃபீல்டு என்ற சிற்றூர் 1982-இல் வீடியோ விளையாட்டு யந்திரங்களைத் தடைசெய்து, 2014 வரை, ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் அதைவிட நூறு மடங்கு விளையாட்டுகள் குடியேறிய பின்பும், அத்தடையைக் கட்டி அழுதது. பிலிப்பைன்ஸில் 1981-இல் இளைஞர்களின் ஒழுக்கத்தைக் காக்க இந்த யந்திரங்களைத் தேசம் முழுவதும் ஒழிக்க உத்தரவிட்டவர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ். நாட்டின் பொக்கிஷத்தையே சூறையாடிய சர்வாதிகாரிக்குச் சிறுவர்களின் சில்லறைக் காசைப் பற்றி வந்த கவலை அது.

நம் தேசத்துக்கு வருவோம். 1995-இல், கர்நாடகத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் எழுந்த வழக்குகளில், வீடியோ விளையாட்டுகளில் சிலவற்றில் சூதின் அம்சம் உண்டென்றும், அவற்றை லைசென்ஸ் முறையால் கட்டுப்படுத்துவது செல்லுமென்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த வருஷமே, சென்னைக் குதிரைப் பந்தய வழக்கில், குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது, சூதாட்டமன்று என்று அதே நீதிமன்றம் கூறியது. சட்டத்தின் நுட்பங்களைச் சட்டம் படித்தவர்கள் விளக்கட்டும். கிண்டியில் பந்தயம் கட்டும் கனவான் திறமைசாலி, பேருந்து நிலையத்தருகே பொம்மைக் கார் ஓட்டும் பையன் சூதாடி என்ற எண்ணம் நம் சமூகத்தில் எவ்வளவு சுலபமாக வேரூன்றியிருக்கிறது என்பதுதான் என் வேதனை. 1968-இல் பரிசுச் சீட்டைத் தொடங்கி, அதிருஷ்டத்தை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது நம் மாநில அரசு. எத்தனையோ குடும்பங்கள் சீரழிந்த பிறகு 2003-இல் லாட்டரியை ஒழித்தது. அதே வருஷம் மதுவின் சில்லறை விற்பனையைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டது. எங்கள் பேருந்து நிலையத்துக்கு அடுத்த தெருவிலேயே அரசின் மதுக்கடை ஒன்று இருக்கிறது. அதை மூடச் சொல்லி இந்தக் கனவான்கள் மனு எழுதவில்லை. மதுக்கடைக்குப் பின்னால் அரசாங்கம் நிற்கிறது. கேம் கடைக்குப் பின்னால் கடன் வாங்கி முதல்போட்ட ஒரு வாலிபன் நிற்கிறான். தைரியம் எங்கே பிறக்கிறது, எங்கே ஒடுங்குகிறது என்பது இதிலேயே விளங்கவில்லையா?

அந்தப் பையன்கள் வேறு எங்கே போவார்கள் என்று மனுவில் கையெழுத்திட்ட ஒருவராவது கேட்டதுண்டா? நகராட்சிப் பூங்காவின் வாசலில் பந்து விளையாடக் கூடாது என்று பலகை தொங்குகிறது. வெயில் தணிந்து பிள்ளைகள் வருவதற்குள் பூட்டும் தொங்குகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார்களுக்கு ஒதுக்கிய இடத்தில் பத்தில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு இல்லை. அங்கே ஓடினால் கார் கீறும் என்று விரட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்திலோ, வாரத்தில் இரண்டு முறை வரும் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார். பொதுத்தேர்வு வகுப்பானால் அந்தப் பீரியட் அட்டவணையில் மட்டுமே இருக்கிறது. பெண் குழந்தைகளின் நிலையோ இன்னும் பரிதாபம். அவர்களுக்கும் விளையாட ஆசை இருக்கும் என்பதையே இந்த ஊர் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. மைதானத்தை மனையாக்கி விற்றுவிட்டு, தெருவில் ஆடினால் திட்டி, பூங்காவைப் பூட்டி, எஞ்சியிருக்கும் ஒரு சிறு கடையையும் மூடவேண்டும் என்று கேட்பவர்கள், பிள்ளைகளின் பாதுகாவலர் என்று தங்களைச் சொல்லிக்கொள்வதை என்னால் சகிக்க முடியவில்லை.

கேம் கடைகளுக்குக் கட்டுப்பாடே கூடாதென்று நான் சொல்லவில்லை. மின்சார ஒயர்கள் ஒழுங்காக இருக்கின்றனவா, தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி இருக்கிறதா என்று நகராட்சி சோதிக்கட்டும். பள்ளி நேரத்தில் சீருடையோடு வரும் மாணவனை அனுமதிக்கக் கூடாது என்றும், இரவு இத்தனை மணிக்கு மூடவேண்டும் என்றும் விதி எழுதட்டும். ஜெயித்தவனுக்குக் காசு கொடுக்கும் யந்திரம் ஒன்று அகப்பட்டாலும் அன்றே லைசென்ஸை ரத்துசெய்யட்டும். இவையெல்லாம் உள்ளே போய்க் கண்ணால் பார்த்து எழுதவேண்டிய விதிகள். மனுவில் கையெழுத்திட்டவர்களில் ஒருவராவது அந்தக் கடையின் வாசற்படியை மிதித்தாரா என்று விசாரித்தேன். ஒருவரும் இல்லை.