இருமலை மறைக்கிற உறவுகளுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள். கோபம் வந்தால் கீழேயே எழுதுங்கள், வேறு குரூப்பில் போய் எழுத வேண்டாம்.

போன கிழமை எங்கள் மட்டக்குளி வட்ஸ்அப் குரூப் ஒன்றில் ஒரு குரல் பதிவு சுற்றியது. கருஞ்சீரகம், தேன், இன்னும் ஏழெட்டு மூலிகை சேர்த்த பாணியாம். போத்தல் 3,000 ரூபாய். நிர்ப்பீடன சக்தியைக் கூட்டுமாம், டீபி கூட ஓடிவிடுமாம், இங்கிலீஷ் மருந்து ஈரலைக் கெடுக்குமாம், குளிசையை விட்டுவிடட்டுமாம். கீழே வரிசையாக மாஷா அல்லாஹ், ஜஸாகல்லாஹு கைரன். ஒருவராவது "இதை யார் சொன்னது?" என்று கேட்கவில்லை. எங்களிடம் படிக்கிற ஒரு பிள்ளையின் வாப்பா இரண்டு மாதத்தில் குளிசையை விட்டவர். இப்போது திரும்பவும் இருமுகிறார். அதனால்தான் எழுதுகிறோம்.

கருஞ்சீரகத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. எங்கள் வீடுகளிலும் இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லி நோயாளியின் கையிலிருந்து மருந்தைப் பறிப்பவரைத்தான் சொல்கிறோம்.

வகுப்பில் நாங்கள் படிப்பிப்பது இதுதான். கிருமி உள்ளே வந்தால் தின்குழியம் விழுங்கும். விழுங்கிய கிருமியைச் சுற்றி ஒரு பை உண்டாகும். அந்தப் பையோடு இலைசோசோம் வந்து சேர்ந்து நொதியங்களைக் கொட்டும். கிருமி கரைந்துபோகும். பரீட்சைக்கு இவ்வளவும் போதும். டீபிக் கிருமிக்குப் போதாது.

அதையும் தின்குழியம் விழுங்கத்தான் செய்கிறது. ஆனால் உள்ளே போனதும், இலைசோசோம் பையோடு சேர்வதை அது தடுத்துவிடுகிறது. 1971இல் லண்டனில் ஆம்ஸ்ட்ரோங், டார்சி ஹார்ட் என்ற இருவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்து இதை எழுதினார்கள். (ஹார்ட் 106 வயது வரை வாழ்ந்தவர். பாணி குடித்தாரா தெரியாது.) கிருமியின் சுவரும் மெழுகு போன்ற கொழுப்பு, இலேசில் கரையாது. பொலிஸ்காரனுடைய வீட்டிலேயே கள்ளன் அறை எடுத்துத் தங்குகிற மாதிரி. உங்களைக் காக்கிற கலத்துக்குள்ளேயே இருந்து பெருகுகிறது.

உடம்பும் சும்மா இருப்பதில்லை. கலங்களை அடுக்கி அதைச் சுற்றி மதில் கட்டுகிறது. மதிலுக்குள் கிருமி பத்து, இருபது வருடம் கூடப் பேசாமல் கிடக்கும். உலகத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவரை இந்தக் கிருமி தொற்றியிருக்கிறது என்கிறார்கள். அவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் அது நோயாகிறது. சீனி வருத்தம் இருந்தால் அந்த ஆபத்து இரண்டு மூன்று மடங்கு. எங்கள் தெருக்களில் சீனி வருத்தம் இல்லாத வீடு எது? மதில் உடையும்போது நுரையீரலில் குழி விழுகிறது. அந்த அழிவில் பெரும்பங்கு எங்கள் நிர்ப்பீடனம் கிருமியோடு போட்ட சண்டையால் வருவது. "சக்தியைக் கூட்டுகிறோம்" என்கிறவரே, எந்தச் சக்தியைக் கூட்டப் போகிறீர்கள்?

குழந்தையில் கையில் போட்ட பீசீஜீ ஊசித் தழும்பைக் காட்டி "எனக்கு வராது" என்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஊசி சின்னப் பிள்ளைகளை மூளைக் காய்ச்சல் போன்ற கடும் டீபியிலிருந்து காக்கும். பெரியவர்களின் நுரையீரலுக்கு அதை நம்பியிருக்க முடியாது.

ஏன் ஆறு மாதம்? வயிற்றில் இருக்கிற சாதாரணப் பற்றீரியா 20 நிமிடத்தில் இரண்டாகும். டீபிக் கிருமிக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் வேண்டும். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, பிறகு நாலு மாதம் இரண்டு மருந்து. வேகமாகப் பெருகுகிறவை முதலில் சாகும். இருமல் நிற்கும், பசி எடுக்கும், முகத்தில் களை வரும். மறைந்து கிடப்பவை இன்னும் உயிரோடுதான். அந்த நேரத்தில் விட்டால் தப்பியவை திரும்பப் பெருகும், மருந்துக்கு மசியாதவையும் அதிலிருந்து வரலாம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது என்று பயந்து விட்டவர்களும் உண்டு. அது ரிஃபாம்பிசின் குளிசையின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. ஈரலைப் பாதிக்கலாம் என்பது பொய்யில்லை. கண் மஞ்சளானால் உடனே கிளினிக்குக்குப் போகவேண்டும், பாணிக்காரரிடம் அல்ல. ரமழானில் தாங்களாகவே நிறுத்துகிறவர்களே, நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு, களாவும் உண்டு. குளிசையை விட யாரிடம் கேட்டீர்கள்?

இனி, மறைப்பது. 2020 ஒக்டோபரில் மட்டக்குளி, மோதறை, கிராண்ட்பாஸ் எல்லாம் ஊரடங்கில் கிடந்தன. எங்கள் மய்யித்துகளை எரித்த காலம் அது. காய்ச்சல் என்று வாய் திறக்கவே பயந்தோம். ஓட்டமாவடியில் அடக்க விட்டது 2021 மார்ச்சில்தான், அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2024இல். அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. டீபியை மறைக்க என்ன நியாயம்? குமர்ப் பிள்ளை இருக்கிற வீடு, கலியாணப் பேச்சு கெட்டுவிடும் என்கிறீர்கள். அதே குமரும் மறைத்த அறைக்குள்தானே தூங்குகிறாள்? நாட்டில் வருடத்துக்கு 8,000க்கு மேற்பட்டவர்களுக்கு டீபி பதிவாகிறது, கூடுதலானவர்கள் கொழும்பு மாவட்டத்தில். ஜன்னல் இல்லாத அறையில் ஏழு பேர் படுக்கிற எங்கள் தோட்டங்களை நினைத்தால் அது ஆச்சரியமில்லை. (மாநகர சபையிடம் கேட்கவேண்டியதை இன்னொரு நாள் எழுதுவோம்.)

நோயாளிக்குத் தனிக் கோப்பை வைத்து ஒதுக்குவதும் வேண்டாம். இது ஒரே சஹனில் சாப்பிட்டுப் பரவுவதில்லை, இருமுகிற காற்றில் பரவுவது. மருந்து ஒழுங்காக எடுத்தால் சில கிழமைகளிலேயே மற்றவருக்குத் தொற்றுவது பெரும்பாலும் நின்றுவிடும். சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசாங்கத்தில் இலவசம்.

குரூப் அட்மின்மாருக்கு: அந்தக் குரல் பதிவை அழியுங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு: ஒரு ஜும்ஆவில் ஐந்து நிமிடம் தாருங்கள், நாங்கள் பேசுகிறோம். இரண்டு கிழமைக்கு மேல் இருமுகிறவர்களுக்கு: மார்பு நோய் கிளினிக்குக்குத் தனியாகப் போக வெட்கமென்றால் இன்பொக்ஸில் நாளைச் சொல்லுங்கள். எங்களில் ஒருவர் கூட வருவோம். பெயர் வெளியே போகாது.