ஒரு நாளைக்கு ஒரு திசை

தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். அதன் அடித்தளத்தைச் சுற்றிக் கருங்கல்லில் வரிவரியாக வெட்டியிருக்கும் எழுத்துக்களைக் குனிந்து பார்க்கிறவர்கள் மிகச் சிலரே. 1010-ஆம் ஆண்டில் நிறைவு பெற்ற அந்த ஆலயத்துக்கு எந்தெந்த ஊர் எவ்வளவு நெல் அளக்கவேண்டும், எந்தெந்த ஊர்ச் சபை மெய்காவலுக்கு ஆள் அனுப்பவேண்டும், அங்கே ஆடிப் பாடி இறைபணி செய்வதற்கென்று வந்து குடியேறிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகள் எந்தெந்த ஸ்தலத்திலிருந்து வந்தவர்கள், அவர்களில் யாருக்குத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதெல்லாம் அந்த எழுத்துக்களில் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல். திருவாரூரிலிருந்து வந்தவள், பழையாறையிலிருந்து வந்தவள், திருவையாற்றிலிருந்து வந்தவள் என்று ஒவ்வொருத்தியின் ஊரும் பெயரும் மறைந்துபோகாதபடி கல்லில் இருக்கின்றன.

ஆகவே, தஞ்சையிலிருந்து ஒரு நாள் பிரயாணமாக எங்கெங்கே போகலாம் என்று கேட்கிறவர்களுக்கு, கோயில் சுவரிலேயே அந்த ஜாபிதா இருக்கிறது என்பேன். இந்த நகரம் தானாக முளைத்தது அன்று. சுற்றிலும் உள்ள கிராமங்களின் நெல்லும், ஆற்று நீரும், கல்லே விளையாத இந்த வண்டல் பூமிக்கு வெளியிடத்திலிருந்து வந்து சேர்ந்த கருங்கல்லும், பல ஊர்களிலிருந்து வந்த கலைஞர்களின் உழைப்புமாகச் சேர்ந்து உண்டானது. நகரத்தை மாத்திரம் பார்த்துவிட்டுத் திரும்புகிறவன் விளைவைப் பார்க்கிறான்; அதன் காரணம் வயல்வெளிகளுக்கு நடுவே இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடிப் போகிற பிரயாணத்தை நாம் இப்போது செய்துவரும் முறை சரியானதல்ல என்பது என் அபிப்பிராயம்.

சென்ற மார்கழியில் கோயம்புத்தூரிலிருந்து என் தமக்கையும் அவருடைய பிள்ளைகளும் வந்திருந்தார்கள். அக்காவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது; பிறந்து வளர்ந்தது தஞ்சையில்தான் என்றாலும், வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு ஊர்ப்பக்கம் வந்து தங்கியது அபூர்வம். பிள்ளைகள் ஒரு வாடகைக் காரை ஏற்பாடு செய்துகொண்டு, ஒரே நாளில் ஒன்பது இடங்கள் என்று எழுதிய காகிதத்துடன் விடியற்காலை ஐந்து மணிக்கே புறப்பட்டார்கள். முதல் இரண்டு கோயில்களில் கூட்டம். மூன்றாவது கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணி கடந்து நடை சாத்தியாகிவிட்டது. நான்கு மணி வரையில் காருக்குள்ளும் மரத்தடியிலுமாக உட்கார்ந்திருந்துவிட்டு, மிச்சமிருந்த நேரத்தில் மிச்சமிருந்த ஊர்களை ஓட்டமாக ஓடிப் பார்த்துவிட்டு, இரவு பத்தரை மணிக்கு வீடு திரும்பினார்கள். "என்னக்கா பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். "எல்லாக் கோயிலும் ஒரே கோயிலாட்டம் இருக்குடா தம்பி, காலுதான் வலிக்குது" என்றார்.

நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றுக்கொன்று மாறுபட்டு எழுந்த கோயில்கள் ஒரு மனிதரின் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றிவிட்டனவென்றால், குற்றம் கோயில்களிடத்திலும் இல்லை, அவரிடத்திலும் இல்லை. ஒன்பது என்ற எண்ணிக்கையில்தான் இருக்கிறது. நவக்கிரக ஸ்தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் தரிசித்துவிட வேண்டும் என்று பிரார்த்தனை செய்துகொண்டு, திருவையாற்றுக்குப் பக்கத்துத் திங்களூரிலிருந்து பூம்புகாருக்குப் பக்கத்துக் கீழப்பெரும்பள்ளம் வரையில் போகிறவர்களின் நம்பிக்கையைக் குறை கூற எனக்கு உரிமையும் இல்லை, எண்ணமும் இல்லை. அது விரதம்; அதற்குரிய நியமம் வேறு. ஊரையும் கலையையும் பார்த்துச் சந்தோஷப்பட வருகிறவர்களும் அந்த விரதத்தின் வேகத்தையே கைக்கொள்வதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

மறுநாள் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுவிட்டு, அக்காவை மட்டும் அழைத்துக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டில் திருவையாற்றுப் பஸ் ஏறினேன். அரை மணிப் பிரயாணந்தான். ஆனால் அந்த அரை மணிக்குள் ஐந்து பாலங்களைக் கடக்கிறோம்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, கண்டியூரைத் தாண்டிக் குடமுருட்டி, அதன் பின் காவிரி. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, சிறு வயதில் அப்பா சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு பாலத்திலும் ஆற்றின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார், ஒன்றுகூடப் பிசகவில்லை.

ஐயாறப்பர் கோயிலின் பிரகாரத்தில் ஓரிடத்தில் நின்று குரல் கொடுத்தால் அது ஏழு முறை திரும்பி வரும் என்பார்கள். அங்கே அக்கா "ஐயாறா!" என்று கூப்பிட்டுவிட்டு, அடங்கும் வரையில் விரலை மடக்கி எண்ணிக்கொண்டு நின்றார். அவசரப் பிரயாணத்தில் இதற்கெல்லாம் ஏது நேரம்? அதே வளாகத்துக்குள் இராஜராஜனின் தேவி உலோகமாதேவி எடுப்பித்த வட கயிலாயம் இருக்கிறது. அந்தக் கோயிலைச் சேர்ந்த பெண்களும் தஞ்சைக்குப் போன நானூறு பேரில் உண்டு. கிளம்பிய இடத்தில் நின்றுகொண்டு போய்ச் சேர்ந்த இடத்தை நினைத்துப் பார்க்கும்போதுதான், தஞ்சைக் கல்லில் பார்த்த பெயர்களுக்கு முகம் உண்டாகிறது.

அங்கிருந்து காவிரிக் கரைக்கு நடந்தோம். 1847-ல் சித்தியடைந்த தியாகராஜ சுவாமிகளின் சமாதி நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. அதற்கு இன்றைய ஆலயத்தை எழுப்பியவர் தேவதாசி மரபில் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள். தம் வாழ்நாளெல்லாம் பாடிச் சம்பாதித்த பொருளை இந்த மண்ணில் கொட்டினார். பெண்கள் பாட அநுமதிக்கப்படாத ஆராதனையில் அவர்களுக்கு இடம் பெற்றுக் கொடுத்தார். 1952-ல் மறைந்த அவருடைய சமாதியும் சுவாமிகளின் சந்நிதியை நோக்கியபடியே இருக்கிறது. திருவையாற்றிலிருந்து கலை வல்ல பெண்கள் தஞ்சைக்கு அழைக்கப்பட்ட காலத்துக்கும், அதே மரபில் வந்த ஒரு பெண்மணி திருவையாற்றைத் தேடி வந்த காலத்துக்கும் இடையில் ஒன்பது நூற்றாண்டுகள். இரண்டையும் அரை மைல் சுற்றளவுக்குள் பார்த்துவிடலாம்; ஆனால் மெதுவாக நடந்தால்தான் பார்க்கலாம்.

நடை சாத்தும் வேளையில் நாங்கள் படித்துறையில் இருந்தோம். வாழையிலைத் துண்டில் வாங்கி வந்த அசோகா சூடு ஆறாமல் இருந்தது. பாசிப் பருப்பை வேகவைத்து மசித்து நெய்யில் கிளறுகிற அந்த இனிப்பு விரலில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகவேண்டும், அதுதான் பதம் என்று அக்கா சொன்னார். பிற்பகலில் திருக்காட்டுப்பள்ளிக்குப் பஸ் ஏறி, அங்கே இறங்கி மாறிக் கல்லணைக்குப் போய்ச் சேர்ந்தோம். கரிகாலன் பெயரோடு வழங்கும் அந்த அணைக்குக் கதவு சாத்தும் நேரம் கிடையாது. காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், 1934-ல் மேட்டூர் அணையோடு கூடப் பிறந்த கல்லணைக் கால்வாய் ஆகிய நான்கும் அங்கே பிரிகின்றன. தஞ்சை ஜனங்கள் புது ஆறு என்று சொல்லும் அந்தக் கால்வாய்தான் பெரிய கோயிலின் அகழியை ஒட்டி ஓடுகிறது. வெண்ணாறு கொஞ்ச தூரம் போய் வெட்டாற்றையும் வடவாற்றையும் பெறுகிறது. காவிரி திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே குடமுருட்டியைப் பிரித்துக் கொடுக்கிறது. காலையில் ஐந்து பாலங்களில் ஐந்து பெயர் சொல்லிக் கடந்த தண்ணீரெல்லாம் மாலையில் ஒரே தண்ணீராக எங்கள் காலடியில் நின்றது. அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா பேரைத்தான் சொல்லிக் கொடுத்தார், இதைக் காட்டலையேடா" என்றார்.

அன்று நாங்கள் பார்த்தவை இரண்டே ஊர்கள்.

ஒரு நாளைக்கு ஒரு திசை, அதுவும் ஓர் ஆற்றையோ ஒரு சாலையையோ பற்றிக்கொண்டு என்பதுதான் நான் சொல்லவந்த முறை. கும்பகோணம் சாலையை எடுத்துக்கொண்டால், காலை வெயில் ஏறுமுன் பசுபதிகோயிலுக்குப் பக்கத்துப் புள்ளமங்கையில் இறங்கிவிடவேண்டும். முதற் பராந்தகன் காலத்துச் சிறிய கோயில் அது. அதன் அடித்தளத்தில் உள்ளங்கையகலச் சிற்பங்களாக இராமாயணக் காட்சிகள் ஓடுகின்றன. எருமைத் தலையின்மேல் நின்றருளும் துர்க்கையின் முன் கால் மணி நேரம் நின்றால் பிரதிமைக் கலையைப் பற்றிப் புஸ்தகங்கள் சொல்வது புரியத் தொடங்கும். நடை சாத்தும் நான்கு மணி நேரத்துக்குச் சுவாமிமலை இருக்கிறது. அங்கே ஸ்தபதிகள் மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். மண் கூட்டை உடைத்துத்தான் விக்கிரகத்தை எடுக்கவேண்டும். ஆகையால் ஓர் அச்சில் ஒரு விக்கிரகந்தான். அதைப் பார்த்த கண்ணோடு மாலையில் தாராசுரத்துக்குப் போனால், இரண்டாம் இராஜராஜன் காலத்துச் சிற்பிகள் அறுபத்துமூவர் வரலாற்றைச் சிறு சிறு கற்பலகைகளில் வடித்திருக்கும் நுட்பத்தை ரஸிக்க வேறு துணை வேண்டியதில்லை.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். தஞ்சையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். வழியில் அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடக்கிறோம். 1836-ல் அங்கே கீழணை கட்டப்பட்டபோது, கல் வேண்டுமென்று இராஜேந்திரன் கோயிலின் மதிலைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். போகும்போது அணையின்மேல் நின்று பார்த்துவிட்டு, பிறகு கோயிலில் மதிலிருந்த இடத்தைப் பார்க்கிறவனுக்கு, ஒரு காலத்தின் தேவை இன்னொரு காலத்தின் செல்வத்தைத் தின்ற கதை பிரத்யட்சமாகத் தெரியும். அணைக்கரையைக் கண்மூடித் தூக்கத்தில் கடந்துபோகிறவனுக்கு அது தெரியாது. தெற்கே ஒரத்தநாட்டில் யாத்திரிகர்களுக்கு அன்னமிட்ட மராட்டியர் சத்திரமும், கடற்கரையில் நெப்போலியன் தோல்வியுற்றதன் ஞாபகமாக இரண்டாம் சரபோஜி எழுப்பிய மனோராவும் பட்டுக்கோட்டைச் சாலைக்கு உரியவை. அவற்றை வடக்கே போகிற நாளோடு முடிச்சுப் போடுவது வீண் சிரமம்.

பிரயாணிகளிடம் மட்டும் இதைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. சொந்த வண்டி இல்லாதவர் ஒருவர் புள்ளமங்கைக்கோ கல்லணைக்கோ போய்த் திரும்ப வேண்டுமானால், எந்த பஸ் எத்தனை மணிக்கு என்பதை ஓட்டுநர்களையும் டீக்கடைக்காரர்களையும் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கடைசி பஸ்ஸின் நேரம் தெரியாத அச்சமே பலரை ஒன்பது ஊர்க் காருக்குத் துரத்துகிறது. பஸ் ஸ்டாண்டுகளில் பெரிய எழுத்தில் ஒரு காலப் பலகை, ஒவ்வொரு ஸ்தலத்துக்கும் பக்கத்தில் பெண்களும் முதியவர்களும் கூசாமல் நுழையக்கூடிய சுத்தமான கழிப்பறை, குடிதண்ணீர், நடுப்பகல் நான்கு மணி நேரத்துக்கு உட்கார நிழல் ஆகியவை பெரிய செலவுக்குரிய காரியங்கள் அல்ல. மதியம் நடை சாத்துவது ஆகம வழக்கம். அது அப்படியே இருக்கட்டும். வருகிறவன் அந்த நேரத்தைத் தெருவில் கழிக்காதபடி பார்த்துக்கொள்வது அரசாங்கத்தின் கடமை, உள்ளூராட்சியின் கடமை. பிரயாணங்களை நடத்துகிற நிறுவனங்களும் இடங்களின் எண்ணிக்கையைச் சொல்லி விளம்பரம் செய்வதை விட்டு, ஓரிடத்தில் எத்தனை மணி நேரம் நிற்கப்போகிறோம் என்பதைச் சொல்லி ஆட்களைச் சேர்க்க முன்வரவேண்டும்.

அடுத்த விடுமுறைக்குத் தஞ்சைக்கு வர உத்தேசித்திருக்கும் அன்பர்கள், கூடவே ஒரு நாளைச் சேர்த்துக்கொண்டு வரவேண்டும். முடியாவிட்டால், எழுதி வைத்திருக்கும் ஊர்களில் பாதியைத் தயங்காமல் அடித்துவிட வேண்டும். வயதானவர்களை அழைத்து வருகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். மார்கழியிலோ தைப் பொங்கலை ஒட்டியோ வருகிறவர்கள் ஐந்து பாலங்களுக்கு அடியிலும் தண்ணீரைப் பார்க்கலாம்.